தாத்தா வாசிக்கும் புத்தகம் வேறு, பேத்தி வாசிக்கும் புத்தகம் வேறு

கேள்வி: எனக்கு 66 வயது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடலூர் முதுநகரில் இருக்கிறோம். மகளும் மருமகனும் தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருவதால் பேத்தி பெரும்பாலும் எங்களோடுதான். ஆறரை வயது. இங்கிலீஷ் மீடியத்தில் இரண்டாம் வகுப்பு. நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் நூறு நீதிக்கதைகள் அடங்கிய பெரிய புத்தகம் ஒன்றும், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படப் புத்தகங்கள் சிலவும் வாங்கி வந்தேன். பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த என் சின்ன வயதுப் புத்தகங்களையும் எடுத்துக் கொடுத்தேன். நீதிக்கதையில் நான்கு வரி தாண்டுவதற்குள் கொட்டாவி விடுகிறாள். படப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கிறாள். கிட்டே போய்ப் பார்த்தால் எல்லாம் மனப்பாடம். ‘இருக்கிறது’ என்று போட்டிருந்தால் ‘இருக்கு’ என்கிறாள். இவளுக்கு ஏதாவது குறை இருக்குமோ என்று மகள் பயப்படுகிறாள். முதலில் தமிழா, ஆங்கிலமா? நல்ல புத்தகங்களாக ஒரு பட்டியல் கொடுத்தால் அப்படியே வாங்கிவிடுவேன்.

பதில்: ஐயா, வணக்கம்.

பட்டியல் மட்டும் கேட்காதீர்கள். நூலகத்தில் குழந்தைகள் பிரிவில் வேலை பார்ப்பவளுக்குப் பட்டியல் போடுவது ஐந்து நிமிட வேலைதான். ஆனால் தமிழில் சிறுவர் புத்தகம் பலதும் ஒருமுறை அச்சாகித் தீர்ந்ததும் காணாமல் போய்விடுகிறது. நான் சொல்வதைத் தேடி நீங்கள் கடை கடையாக அலைவதுதான் மிச்சமாகும். கிடைத்தாலும், உங்கள் பேத்தி இன்றைக்கு எந்த எழுத்தில் தடுக்குகிறாள் என்று அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. கடையில் நின்றபடியே ஒரு புத்தகத்தைத் திறந்து, இது அவளுக்கு ஆகுமா ஆகாதா என்று பார்க்கத் தெரிந்துவிட்டால் போதும், என் பட்டியல் உங்களுக்குத் தேவைப்படாது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். பிள்ளை தானாக வாசிக்கிற புத்தகம் வேறு, நாம் வாசித்துக் காட்டப் பிள்ளை கேட்கிற புத்தகம் வேறு. ராஜா, மந்திரி, ஏழு கடல் ஏழு மலை என்று எவ்வளவு நீளமான கதையையும் காதால் கேட்டுப் புரிந்துகொள்கிற பிள்ளை, தானாக வாசிக்கும்போது ஒரு வரிக்கே திணறும். அது குறையில்லை. கதை கேட்க ஆறு வருடப் பழக்கம் இருக்கிறது. எழுத்துக் கூட்டுவது நேற்றுத் தொடங்கியது. நாம் என்ன செய்கிறோம் என்றால், கேட்கிற புத்தகத்தை வாங்கி வந்து பிள்ளை கையில் கொடுத்து ‘வாசி’ என்கிறோம். உங்கள் நூறு நீதிக்கதைகளுக்கு நடந்தது இதுதான்.

கொட்டாவி ஏன் வருகிறது என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம். அந்த வகைப் புத்தகங்களில் வரக்கூடிய ஒரு வாக்கியம்: ‘சிங்கம் எல்லா விலங்குகளையும் துன்புறுத்திக்கொண்டிருந்தது.’ நமக்கு இது ஒரே மூச்சு. அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் எண்ணிப் பாருங்கள், 14 எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு ‘ருந்தது’ வரை வருவதற்குள் ‘துன்பு’ மறந்துபோயிருக்கும். திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். நடுவில் ‘கொ’ வேறு. கொம்பு முன்னால், கால் பின்னால், இடையில் க. கண்ணுக்கு முதலில் தெரிகிற கொம்பைச் சொல்லும்போது கடைசியில் சேர்க்க வேண்டும். வாசித்து வாசித்துப் பழகிய நமக்கு இது உறைப்பதே இல்லை.

இன்னொரு தொந்தரவும் உண்டு. வரி முடிகிற இடத்தில் தமிழ்ச் சொல்லை எங்கே வேண்டுமானாலும் வெட்டி, இணைப்புக் கோடுகூடப் போடாமல், மிச்சத்தை அடுத்த வரிக்குத் தள்ளிவிடுகிறார்கள். ‘துன்புறுத்திக்கொண்டி’ மேலே நிற்கும், ‘ருந்தது’ கீழே நிற்கும். ‘ருந்ததுன்னா என்ன தாத்தா?’ என்று அவள் கேட்டால் தப்பு அவள் மேல் இல்லை. குழந்தைகளுக்கென்றே போடுகிற புத்தகத்தில்கூட இதைச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆகவே கடையில் புத்தகத்தை எடுத்தால் அட்டைக்குப் பின்னால் வயது 5, வயது 6 என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். அது விற்பனைக்குப் போட்டது. நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து வரியின் வலது ஓரத்தைப் பாருங்கள். சொற்கள் உடையாமல் முடிகின்றனவா? சொற்களுக்கு நடுவே தாராளமாக இடைவெளி இருக்கிறதா? எழுத்து படத்தின் மேலே ஏறி, கரும்பச்சை இலைக்குள் கறுப்பு எழுத்தாக ஒளிந்துகொண்டிருக்கிறதா? அலங்கார எழுத்தா? கல்யாணப் பத்திரிகை எழுத்தில் ‘ள’வுக்கும் ‘ன’வுக்கும் வித்தியாசம் தெரியாது. இவற்றில் ஒன்று தட்டினாலும் கீழே வைத்துவிடலாம். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, இரண்டு மூன்று நான்கு எழுத்துச் சொற்கள், ஒரே சொல் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வருவது, இதெல்லாம் இருந்தால் கையில் எடுங்கள். பெரியவர்களுக்கு ‘என்ன இது, சொன்னதையே சொல்லுது’ என்று சலிக்கிற புத்தகம்தான் இந்தக் கட்டத்தில் பிள்ளைக்கு நல்ல புத்தகம். மூன்றாம் முறை அதே சொல் வரும்போது அவள் எழுத்துக் கூட்ட மாட்டாள், பார்த்ததும் சொல்லிவிடுவாள். அந்தச் சந்தோஷம்தான் அடுத்த பக்கத்தைப் புரட்ட வைக்கிறது.

அப்புறம் அவளையே ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் நான்கைந்து சொல்லுக்கு மேல் நின்றுவிட்டால், அது இப்போதைக்கு நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகம். ஒன்றிரண்டு இடத்தில் தடுக்கி எழுந்து போனால் அவளுடையது. எங்குமே தடுக்கவில்லையா, ரொம்ப நல்லது, வாங்குங்கள். ‘இவ்வளவு சுலபமானது எதற்கு?’ என்று வைத்துவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தானே தொடங்கித் தானே முடித்த புத்தகம் ஒன்றாவது ஒரு பிள்ளை கையில் இருக்க வேண்டும்.

எழுத்தைப் பற்றி ஒரு விஷயம், இது உங்களுக்கு உபயோகப்படும். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247 என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம். கால், கொம்பு எல்லாம் பெரும்பாலும் எந்த எழுத்தோடு சேர்ந்தாலும் ஒரே மாதிரிதான். ஒருமுறை பிடிபட்டால் வரிசை முழுக்க வந்துவிடும். முரண்டு பிடிப்பது உகர, ஊகார வரிசைதான். கு, சு, டு, மு, ரு என்று ஆளுக்கொரு வடிவம். கூ ஒரு தினுசு, பூ ஒரு தினுசு, தூ ஒரு தினுசு. நான் பார்த்தவரை பிள்ளைகள் அதிகம் நிற்பது இங்கேதான். ‘வந்தது’, ‘ஒரு’ போல அடிக்கடி வருகிற சொற்களில் இவை வந்தால் சிக்கலில்லை, சொல்லே முகம் தெரிந்ததாகிவிடும். ‘குறும்பு முயலும் சுறுசுறுப்பு எறும்பும்’ மாதிரித் தலைப்பு போட்ட புத்தகம் இன்னும் ஆறு மாதம் காத்திருக்கட்டும்.

கன்னடத்திலும் நம்மைப் போலவே உயிர்மெய் வரிசைதான். பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர் சோனாலி நாக், கன்னடம் படிக்கும் பிள்ளைகளைக் கவனித்து 2007ல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துகளைப் பிடிப்பதே நான்காம் வகுப்பு வரை நீள்கிறது என்று காட்டியிருக்கிறார். மத்திய அரசு 2021ல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம்கூட, புரிந்து வாசிக்கும் திறனுக்கு மூன்றாம் வகுப்பு முடிவைத்தான் இலக்காக வைத்திருக்கிறது. இரண்டாம் வகுப்பின் நடுவில், அதுவும் பள்ளியில் ஆங்கிலத்துக்கு முதலிடம் கொடுக்கும்போது, உங்கள் பேத்தி தமிழில் திணறுவது ஆச்சரியமே இல்லை என்று மகளிடம் சொல்லுங்கள்.

உங்கள் பெட்டியில் இருந்த புத்தகங்களுக்கு வருகிறேன். அவற்றைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிடுங்கள் ஐயா. உங்கள் சின்ன வயது என்றால் 1978க்கு முன்னால் அச்சானவை. அந்த வருடம்தான் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து ணா, றா, னா, ணை, லை, ளை, னை உட்பட 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. பழைய புத்தகத்தில் ‘யானை’யின் ‘னை’க்கும் ‘மலை’யின் ‘லை’க்கும் மேலே தும்பிக்கை சுழன்றிருக்கும். உங்களுக்கு அது பார்த்துப் பழகிய எழுத்து. அவளுக்கோ பள்ளியில் சொல்லிக் கொடுக்காத எழுத்து. மூன்றாம் வகுப்பு தாண்டியதும் எடுத்துக் காட்டுங்கள், ரகசிய எழுத்து மாதிரி ரசிப்பாள். அதுவரை அவை நீங்கள் வாசித்துக் காட்டும் அடுக்கில் இருக்கட்டும்.

‘இருக்கிறது’ என்று இருப்பதை ‘இருக்கு’ என்கிறாள் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே பிடித்த வரி அதுதான். எழுத்தை மட்டும் கூட்டுகிற பிள்ளை ‘இ-ரு-க்-கி-ற-து’ என்று சொல்லிவிட்டு என்னவென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும். ‘இருக்கு’ என்று சொல்கிறவள் வாசித்து, புரிந்துகொண்டு, வீட்டில் பேசுகிற மாதிரி மாற்றியும் சொல்லியிருக்கிறாள். அங்கே நிறுத்தித் திருத்தாதீர்கள். ‘இருக்கிறது’ என்பதை ‘இறக்கிறது’ என்றால் மட்டும், ‘திரும்பப் பாரும்மா, சரியா வருதா?’ என்று கேளுங்கள். அதே போல ‘தம்பி’யில் வருகிற ‘பி’யையும் ‘பந்து’வில் வருகிற ‘ப’வையும் ஒரே மாதிரி அழுத்திச் சொன்னாலும் விடுங்கள். நாம் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஒலி எழுப்புகிறோம்; காதில் விழ விழ அவளுக்குத் தானாக வந்துவிடும்.

பேச்சுத் தமிழிலேயே உரையாடல் எழுதியிருக்கும் புத்தகங்கள் இப்போது வருகின்றன. ‘எங்கடா போற?’ என்று பூனை கேட்கும். பிள்ளைகளை இது கெடுத்துவிடும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். கெடுக்காது. தான் பேசுகிற சொல் அச்சில் இருப்பதைப் பார்த்தால் அவளுக்கு வாசிப்பில் பாதி பயம் போய்விடும். கதை சொல்லும் வரிகள் எழுத்துத் தமிழில் இருந்தால் போதும்.

மனப்பாடம் செய்வதும் ஏமாற்று இல்லை. எந்த வரிக்கு எந்தச் சொல் என்று பொருத்திப் பார்க்கிற வேலை உள்ளே நடக்கிறது. நடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், அவள் பக்கத்தைச் சொல்லி முடித்ததும் நடுவில் ஒரு சொல்லில் விரல் வைத்து ‘இது என்ன?’ என்று கேளுங்கள். வரியை மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டி, அந்த இடம் வந்ததும் சொன்னால், சரியான வழியில்தான் போகிறாள். பதிலே வராவிட்டால் நீங்கள் விரலை ஒவ்வொரு சொல்லாக நகர்த்தியபடி சேர்ந்து வாசியுங்கள். பரீட்சை மாதிரி ஆக்கிவிடாதீர்கள், ஒரு பக்கத்துக்கு ஒரு சொல் கேட்டால் போதும்.

தமிழா ஆங்கிலமா என்பதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. வீட்டில் பேசுவது தமிழ். கூட்டி வாசித்த சொல் சரிதான் என்று அவள் காதே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அவளுக்கு அந்த வசதி இல்லை. போதாததற்கு அங்கே ‘பட்’ ஒரு மாதிரி, அதே உயிரெழுத்துப் போட்ட ‘புட்’ வேறு மாதிரி. பள்ளி ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் தமிழைப் பாருங்கள். ஒரு மொழியில் வாசிக்கும் கலை பிடிபட்டவளுக்கு அடுத்தது சீக்கிரம் வரும். நீங்கள் வாங்கிய இருமொழிப் புத்தகங்கள் கெட்டவை இல்லை, ஆனால் பிள்ளைகள் எது சுலபமோ அதற்கு ஓடிவிடுவார்கள். ஒரு மொழி வரியை ஒரு காகிதத்தால் மூடிக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலப் பாட்டைத் தமிழாக்கிப் போட்டிருக்கும் புத்தகத்தை நீங்கள் ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். நாக்குப் புரளவில்லை என்றால் அவளுக்கும் புரளாது.

வாங்குவதற்கு முன் இரவல் எடுத்துப் பாருங்கள். மாவட்ட மைய நூலகத்திலும் கிளை நூலகங்களிலும் சிறுவர் புத்தகங்கள் உண்டு. பேத்தியையே அழைத்துப் போய் அவள் பெயரில் சேருங்கள். உங்கள் மகள் புதுச்சேரிக்குத் தினமும் வருகிறவர், ரோமன் ரோலண்ட் நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 1827ல் பிரெஞ்சுக்காரர் காலத்தில் தொடங்கிய நூலகம். முதல் நாள் பிள்ளைகள் தூக்க முடியாத கனத்தில் ஒரு புத்தகத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். தடுக்காதீர்கள். அடுத்த முறை மெல்லியதாக ஒன்றை அவளே எடுப்பாள்.

செலவே இல்லாமல் வேண்டுமானால், சிறுவர் புத்தகங்கள் போடும் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம். நான்கு படிநிலையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலைக் கதைகள் 250 சொல்லுக்குள் முடிந்துவிடும். அச்செடுத்துக்கொள்ள அனுமதி உண்டு என்பதால் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் புத்தகமாகத் தைத்துக்கொள்ளலாம். போனில் காட்டாதீர்கள், விரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும். பக்கத்து வீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால், வாசிப்பு இயக்கத்தில் கொடுக்கும் சிறு புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. உங்கள் பேத்திக்கு ‘நுழை’. விலைக்கு என்றால் நேஷனல் புக் டிரஸ்ட் கடையில் மலிவாகக் கிடைக்கும். மொழிபெயர்ப்பு ஒரே தரமாக இருக்காது, வலது ஓரச் சோதனையை அங்கேயும் செய்யுங்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு புத்தகம் இருக்கிறது, அதை நீங்களே எழுத வேண்டும். கோடு போடாத நோட்டிலிருந்து நான்கு தாளை மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். காலையில் அவளோடு துறைமுகம் பக்கம் போய் வருவீர்கள் அல்லவா, அதைப் பக்கத்துக்கு ஒரு வரியாகப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ‘படகு வந்தது. வலை வந்தது. மீன் வந்தது. காகம் வந்தது. பூனை வந்தது. மீன் எங்கே?’ படத்தை அவள் வரையட்டும். மத்தி, சங்கரா, நெத்திலி என்று மீன் பெயர் அவளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்தப் பதிப்பகமும் முதுநகர்ப் பிள்ளைக்கென்று தனியாகப் புத்தகம் போடப்போவதில்லை. பஸ் போர்டும் வாசிப்புத்தான். ‘பண்ருட்டி’, ‘சிதம்பரம்’ எல்லாம் பெரிய எழுத்தில் எதிரே வந்து நிற்கின்றன.

நீதிக்கதை வேண்டாம் என்கிறேனா? இல்லை, கீழே கட்டம் கட்டிப் போடுகிற நீதி வேண்டாம் என்கிறேன். கதை முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன தெரிகிறது?’ என்ற கேள்வி வரும் என்று தெரிந்துவிட்டால் பிள்ளைக்குக் கதையும் பாடமாகிவிடும். அந்த நூறு கதைப் புத்தகத்தை இரவில் நீங்களே வாசித்துக் காட்டுங்கள், அவள் மடியில் படுத்துக் கேட்கட்டும். சிங்கம் கர்ஜிக்கும் இடத்தில் கர்ஜியுங்கள். நடுவில் நிறுத்தி ‘இப்ப முயல் என்ன பண்ணும்?’ என்று கேளுங்கள். கட்டத்துக்குள் இருப்பதை வாசிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

மகளின் பயத்தைப் பற்றி. நீங்கள் எழுதியிருப்பதில் பயப்பட எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஒன்றை முதலில் பார்த்துவிடுவது நல்லது, அது கண். புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் பிடிக்கிறாளா, ஒரு கண்ணைச் சுருக்குகிறாளா, வரி மாறி வரி தாவுகிறாளா, வாசித்தால் தலை வலிக்கிறது என்கிறாளா? இதில் எது இருந்தாலும் புத்தகத்தை மாற்றிப் பயனில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி வருகிற வழியில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. மகள் லீவு போடுகிற ஒரு நாளில் காட்டிவிடுங்கள். காதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லலாம், அடிக்கடி சளி பிடித்துக் காது வலிக்கிற பிள்ளை என்றால் கட்டாயம். கண்ணும் காதும் சரியாக இருந்து, வீட்டில் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் உங்களோடு உட்கார்ந்து வாசித்தும், மூன்றாம் வகுப்பு நடுவில்கூட மூன்றெழுத்துச் சொல்லைக் கூட்ட முடியவில்லை என்றால், அப்போது வகுப்பு ஆசிரியையிடம் பேசி, கற்றல் குறைபாடுகளைப் பரிசோதிக்கிற நிபுணரிடம் அழைத்துப் போங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது சின்ன வயதில் வாசிப்பு தாமதமாக வந்திருந்தால் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம், இப்போதே சொல்லிவையுங்கள்.